கம்பம் எண் 214

மொண்டேவிடியோ. பலெர்மோ வட்டாரம். இரவு பத்தே கால்.
போர்ட்டோ அலெக்ரேயில் பழசாக வாங்கிய கேமராவுக்கு
இன்னும் பிரேசில் மின்சாரத்தின் நினைப்பு:
நொடிக்கு அறுபது.
இந்த ஊர் விளக்குகளுக்கு ஐம்பது.
இடைப்பட்ட பத்தின் பிணக்கு
திரையில் கறுப்புப் பட்டைகளாய்
மேலிருந்து கீழே ஊர்கிறது.
கண்ணில் எதுவும் படவில்லை.
கண் பெருந்தன்மையானது,
அல்லது சோம்பேறி.

ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்குக்குத் திருகினேன்.
பட்டை அடங்கிற்று.

தெருவின் இந்தப் பக்கம் சோடியம்.
எதைக் கொடுத்தாலும் மஞ்சளில் முக்கித் திருப்பித் தரும்.
நீபியா ஒரு சுற்று ஆடிவிட்டு வந்து
சின்னத் திரையில் தன் பாவாடையைத் தேடினாள்.
"என் நீலம் எங்கே?"
விளக்கில் இருந்தால்தானே துணியில் இருக்கும் என்றேன்.
"கடைக்காரன் நீலம் என்று சொல்லித்தான் காசு வாங்கினான்."

எதிர்ப்பக்கம் போன மாதம் மாட்டிய எல்ஈடி.
அங்கே நிறுத்தினேன்.
நீலம் வந்தது, முகம் போனது.
கன்னத்தில் யாரோ சாம்பலை அப்பியதுபோல.
"செத்தவளா ஆடுகிறாள்?" என்றாள்.

கேமராவை அதன் போக்கில் விட்டால்
கம்பத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது,
கறுத்த முகங்களை
இருட்டின் பற்றில் எழுதிவிடுகிறது.
யார் முகத்தை வைத்து
இதற்கு வெளிச்சம் கற்றுக்கொடுத்தார்களோ.

முனையில் பழப்பெட்டிகளை உடைத்துத் தீ மூட்டியிருக்கிறார்கள்.
சுற்றிலும் முரசுகள் தோலைக் காட்டிக் குளிர்காய்கின்றன.
வில்மார் ஒன்றைத் தட்டி, காது கொடுத்து,
"இன்னும் கொஞ்சம்" என்கிறான்.

அப்போது 214 சிவந்தது, அணைந்தது.

"அது அப்படித்தான், ஆறு நிமிஷம் எடுத்துக்கொள்ளும்,"
என்றான் வில்மார். பகலில் அவன்
நகராட்சி விளக்குப் பிரிவு.
"திங்கட்கிழமை நான்தான் ஏறிக் கழற்றப்போகிறேன்."
வருத்தம் ஏதுமில்லை குரலில்.

ஆறு நிமிஷம் தீ மட்டும்.
லென்ஸை முழுக்கத் திறந்தேன்.
போதவில்லை.
ஷட்டரை முப்பதுக்கு இறக்கினேன்.
எள் இறைத்ததுபோல் புள்ளிகள்.
ஃபோகஸ் திணறியது, கையால் பிடித்தேன்.
முரசு எழுந்தது.
நீபியா திரும்பும்போதெல்லாம்
நெற்றியின் வியர்வை ஒரு கோடாய் மின்னி மறைந்தது.
பாவாடை? கரி.

சோடியம் விழித்ததும் மஞ்சளாகிவிடாது.
எனக்கு அதுவரை தெரியாது.
முதலில் வெளிறிய, பாலில் மை கலந்ததுபோல் ஒரு வெளிச்சம்.
பிறகுதான் ரோஜா, பிறகுதான் அந்த மஞ்சள்.
பதினொரு நொடி.
முகத்தில் தீ, பாவாடையில் நீலம்,
இரண்டும் ஒரே ஆளிடம்.

போட்டுப் பார்த்தோம்.
எல்லாம் இருந்தது.
ஐம்பதுக்குத் திரும்ப மறந்திருந்தேன்:
ஊடே பட்டைகளும்
கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

விளக்கு சொதப்பிவிட்டது என்றேன்.
வில்மார் கோலால் கம்பத்தை ஒருமுறை தட்டினான்.
"அது தாளத்தில்தான் இருந்தது.
தப்பினது நீ."