நான்கு பத்து

எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று கேட்கிறீர்கள்.
உங்கள் படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்.

நான்கு பத்துக்குக் கைபேசி அலறியது.
தீ அபாயம், எச்சரிக்கையாக இருங்கள்.
போ என்று சொல்லவில்லை,
இரு என்றும் சொல்லவில்லை.
போன கோடையில் இதே அலறல் ஏழு தடவை.
ஏழு தடவையும் இரவில்
முட்டைக்கோஸ் சூப் குடித்துவிட்டுப் படுத்தோம்.

வானொலியில் பக்கத்து மாவட்டத்தின் பெயர்தான் வந்தது.
லிஸ்பனில் இருக்கும் மகனை அழைத்தேன்.
எங்கள் மலையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து
"உங்கள் பக்கம் இன்னும் பச்சைதான், அம்மா" என்றான்.
எனக்கு அது போதுமாக இருந்தது,
ஒரு கால் மணி நேரத்துக்கு.

கொடியில் காய்ந்த மேசைவிரிப்பில் சாம்பல்.
பொடியாக விழுந்தால் தீ தூரத்தில்
என்பது எங்கள் ஊர்க் கணக்கு.
விழுந்தது முழுசாக ஒரு தைலமர இலை,
நரம்புகூடக் கலையாமல், கறுப்பாக.
தொட்டேன், நொறுங்கியது.
விரலில் சூடு.

அதை நம்பியிருக்கலாம்.
நானோ எதிர் மேட்டைப் பார்த்தேன்.
அபீலியு முப்பது வருடம் தீயணைப்பில் இருந்தவர்.
அவருடைய நீல டிரக் இடத்தைவிட்டு அசையவில்லை.
அவரே போகவில்லையே.
சன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டு
அந்த டிரக்கைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்,
இலையை அல்ல.

ஐந்தே முக்காலுக்கு
வெயில் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு.
சமையலறை விளக்கைப் போட்டு
காப்பீட்டுத் தாளைத் தேட ஆரம்பித்தேன்.

ரொட்டி வண்டி ஜெர்வாசியு
பிரேக் போடாமலே கத்திக்கொண்டு போனான்:
"பாலத்துப் பக்கம் வேண்டாம்! கல்குவாரி வழி!"
சீருடை இல்லாதவன், கடன் பாக்கி வைத்திருப்பவன்.
ஆனால் வண்டியின் ஒரு பக்கப் பெயிண்ட் முழுக்க
கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.
அப்போதுதான் ஓடினேன்.
குவாரியில் காரை நிறுத்திப் பார்த்தால்
கையில் தாள் இல்லை, சூப்புக் கரண்டி.

மூன்றாம் நாள் விளையாட்டரங்கு முகாமில்
அபீலியு இரண்டு கைகளிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.
டிரக்கின் பேட்டரி திங்கட்கிழமையே செத்துவிட்டதாம்.
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
"உன் சமையலறை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஸுல்மிரா.
நீ இருக்கிறாய் என்றால் அவசரமில்லை என்று
இடலீனாவிடம் சொன்னேன்" என்றார்.

இடலீனா எங்கே என்று நான் கேட்கவில்லை.
பக்கத்துக் கட்டில் விரிப்பு கலையாமல் இருந்தது.

பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்?
நான்கு பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள்.
கைபேசியில் அப்படித்தான் இருக்கிறது.