நாற்பத்தொன்பது

முன்பெல்லாம் கணக்கு சுலபம்:
கூண்டில் பாதி சாக எவ்வளவு மருந்து?
அதற்கு வெகு கீழே என்றால்
கவலையில்லை என்று ஒரு முத்திரை.

இப்போது சொலென்
பல் வைத்தியரின் பசை தொட்டு
தேனீ முதுகில் ஒட்டுகிறாள்
நொய்யளவு சில்லு.
சர்க்கரைப் பாகில் ஒரு துளி,
கொல்லாத அளவுதான்.
பிறகு ஒரு கிலோமீட்டர் தள்ளி,
பொய்த்தியே சமவெளியின் மஞ்சள் வயலோரம்
மூடியைத் திறக்கிறாள்.

கூட்டு வாசலில் கருவி
திரும்பியவளை எண்ணும்.
பன்னிரண்டு.
முப்பத்தேழு.
மேகம் வந்துபோனபின் ஆறு.

நாற்பத்தொன்பது வரவில்லை.
சடலமும் இல்லை,
பழைய அட்டவணையில் அவளுக்குக் கட்டமே கிடையாது.

டிராக்டரை நிறுத்தி எர்வே கேட்டார்:
"எத்தனை செத்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல.
வழி தெரியல, அவ்வளவுதான்."

மருந்துத் தொட்டி பின்னால் தளும்ப
இன்ஜினை அணைத்துவிட்டு
அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்
அந்தச் சின்ன வாசலை.