திரும்ப வரவேண்டியவை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து
வாடகை நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
மூத்த நாத்தனார் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்:
"அம்மா பீரோவை நீயே திற.
எங்களால் ஆகாது."

நான் இந்த வீட்டு மருமகள் இல்லை.
பதினெட்டு வருஷம் முன்பு
டர்பன் கோர்ட்டில் ஒரு கையெழுத்தோடு அது முடிந்தது.
மாமியின் மகன் பெர்த்தில் இருக்கிறான்.
கொள்ளி வைத்ததை போனில் பார்த்தான்.
சாவி என்னிடம் இருந்தது,
எப்போதும் என்னிடம்தான் இருந்தது.

பட்டுப்புடவை நாலு. விக்ஸ் டப்பா.
தண்ணீர் ரசீதுகள், வருஷவாரியாக ரப்பர் போட்டு.
அடியில் பச்சை அட்டைப் பேரேடு.

முப்பத்தொரு வருஷம் சாட்ஸ்வொர்த் கிளை நூலகத்தில்
தேதி முத்திரை குத்திய கை அது.
ஓய்வு பெற்ற அன்று சுவர்க்கடிகாரம் கொடுக்க வந்தவர்களிடம்
எழுதாத பேரேடு ஒன்று போதும் என்றாளாம்.

டவுனில் இருந்த பெரிய நூலகத்துக்குள்
அவள் கால் வைக்கக்கூடாத காலம் ஒன்று உண்டு.
கேட்டால்,
"அவர்களிடம் பைண்டிங் நன்றாக இருந்ததாம்" என்பாள்.
அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

சத்தம் போடாதே என்று யாரையும் அதட்டியதில்லை.
சத்தம் போடுகிற பையனை மேஜைக்கு அழைத்து
"எனக்குக் கண் தெரியவில்லை, இதைப் படி" என்பாள்.
ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு.

பேரேட்டில் ஆங்கிலத்தில் நாலு பத்தி.
யார், என்ன, என்றைக்கு, திரும்பியதா.

ரூபி கோவிந்தர், பிரியாணி அண்டா, மகள் கல்யாணத்துக்கு.
திரும்பியது. மூடி வேறு.
எதிர்வீட்டுத் தாண்டேகா, ஏணி.
திரும்பியது, கூடவே ஒரு பூசணிக்காய்.
டாமி நாயக்கர், பரீட்சைக் கட்டணம், நூற்றைம்பது ரேண்ட்.
மூன்று தவணை. இப்போது பல் டாக்டர்.
சொந்த அண்ணன், குடை.
சிவப்பு மையில்: இனிமேல் கிடையாது.

வெள்ளம் வந்த ஏப்ரலுக்கு ஒரு முழுப் பக்கம்,
வாளிகள் மட்டும்.
எந்த வீட்டுக்கு எத்தனை, எந்த வீட்டில் கைக்குழந்தை.
குழாய் வறண்ட பத்தொன்பது நாளும்
லாரி வரும் நேரத்துக்குத் தெருவே அவளைத்தான் கேட்டது.
கவுன்சிலரும் கேட்டார்.

என் பெயரைத் தேடினேன்.
எனக்குக் கொடுத்தது கொஞ்சமா?
தையல் மிஷின்.
மகள் பிறந்தபோது நாற்பது ராத்திரி.
விவாகரத்து வக்கீலுக்குப் பாதிப் பணம்,
தன் மகனுக்கு எதிராக,
ஒரு பழைய மாவு டப்பாவில் போட்டு.
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
பூசணிக்காய்க்கு இருக்கிறது ஒரு வரி, எனக்கு இல்லையா
என்று கோபம்தான் வந்தது.
செத்தவளோடு சண்டை போட்டுக்கொண்டே
கடைசிவரை புரட்டினேன்.

பின்னட்டையின் உள்பக்கம், பென்சிலில், தமிழில்.
அறுபது வயதுக்குப் பிறகு
கோயில் ஞாயிற்று வகுப்பில் குட்டி பெஞ்சில்
எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்ற தமிழ்.
எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கிறது,
பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

இரவல் தரக்கூடாதவை:
சாமி விளக்கு.
கப்பலில் வந்தவரின் கரும்புத்தோட்டச் சீட்டு.
அம்மிக் குழவி.
தெய்வாணை.

இரண்டு சுழிக்கு மூன்று சுழி போட்டிருந்தாள்.
திருத்துவதற்குப் பென்சில் எடுத்து
வைத்துவிட்டேன்.

வெளியே வேன்காரன் ஒரு நாற்காலி குறைகிறது என்று
நாத்தனாரிடம் கத்திக்கொண்டிருந்தான்.
கேட்டருகே தாண்டேகா,
எப்படிக் கேட்பது என்று தயங்கி நின்றாள்.
கூரை ஒழுகுகிறதாம்.
ஏணி.

ஸ்கேலை வைத்து
அடுத்த கோடு போட்டேன்.
தேதி கேட்டு எழுதினேன்.