வேறு விதமாகவோ

லவக ஆபீசுக்கு எதிரே, பாதாம் மரத்தடியில்
தட்டச்சுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே குடை.
மோல்மேன் மழை பக்கவாட்டில் பெய்யும்.
முதலில் தாளைக் காப்பாற்றுவேன், பிறகு என்னை.

பிஸ்கட் டின்னை மடியில் மறைத்தபடி வந்தாள்.
பெயர் கேட்டேன். மா கின் ஏ என்றாள்.
அது அட்டையில். வீட்டில்?
ஒண்டிவீரம்மை.

டின்னுக்குள் குடும்பமே நிறம் நிறமாக இருந்தது.
மாமனார் நீலத்திலேயே செத்திருக்கிறார்.
இவளுக்கு ரோஜா, தாய் மோன் பெண் என்பதால்.
பிள்ளைகளுக்கும் ரோஜா.
புருஷனின் பச்சை இருந்த உறையில்
பச்சையை ஒப்படைத்ததற்கான ரசீது.

ஆணை அரைப் பக்கம்கூட இல்லை.
பிரிவு எண் மட்டும்.
அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம்:
சொல்லாலோ செயலாலோ வேறு விதமாகவோ
அரசிடம் பற்றில்லை எனக் காட்டினால்.

"என்ன பேசினார்?"
"அவர் எங்கேய்யா பேசினார்? திக்குவாய்.
குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுறவர்.
மைக் டெஸ்டிங்னுகூடச் சொல்ல மாட்டார்,
ரெண்டு தட்டு தட்டி ஊதிப் பார்ப்பார்."

"சரி, என்ன செய்தார்?"
"மழை வந்துச்சு.
பேசிக்கிட்டிருந்த பையன் தலைக்குக் குடை பிடிக்கலை,
ஆம்ப்ளிஃபயருக்குத் தார்ப்பாய் போட்டார்."

அப்படியானால் வேறு விதம்தான்.

அதே குழாய்தான் பங்குனியில்
தீமிதிக்கு முன் வரிசையாய் நிற்கச் சொன்னது.
பிக்குகளுக்குச் சீவரம் தந்தவர் பட்டியலை
விடிய விடிய வாசித்தது.
போலியோ மருந்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி
இதே லவக ஆபீஸ் வாடகைக்கு எடுத்திருக்கிறது,
ஒன்றரை நாள்.
பாக்கி இன்னும் வரவில்லை என்றாள்.
அதை எழுதலாமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.

மனு மந்திரிகள் அவைக்குப் போகும்.
அவர்கள் சொல்வதே முடிவு.
காரணம் கூற வேண்டியதில்லை என்று
அதற்கும் ஒரு பிரிவு போட்டு வைத்திருக்கிறார்கள்.
பொய்க் காரணம் என்றால் மறுத்து எழுதலாம்,
இருபது வருடமாய் அதுதான் என் பிழைப்பு.
வெற்றுத் தாளை என்ன சொல்லி மறுப்பது?

ஆனாலும் அடித்தேன்.
மேன்மை தங்கிய என்று தொடங்கி
அவன் பர்மியப் பெயரை முழுதாய்,
தகப்பன் பெயரை, தகப்பனின் நீலத்தை,
ஸ்பீக்கர் ஒரு இயந்திரம் என்பதை,
இயந்திரத்துக்குப் பற்றும் இல்லை, பற்றின்மையும் இல்லை என்பதை.
கார்பன் வைத்து நாலு பிரதி.
நாலாவதில் அவன் பெயர் புகை.

கடைசி வரி: தயாரித்தவர் பெயர், அட்டை எண்.

எல்லா எண்ணுக்கும் நடுவே
பிராக்கெட்டில் ஓர் எழுத்து வரும்.
நீலக்காரனுக்கு விருந்தாளி என்று.
எனக்கு 'ப்யு'. ஆக்கப்பட்டவன்.
பிறந்ததைத் திருப்பி வாங்க இவர்களுக்கு வழியில்லை.
ஆக்கியதை அழிக்க
அந்த அரைப் பக்கம் போதும்.

விரல் ப எழுத்தின் மேல் இருந்தது.
தாளை உருவிவிட்டேன்.

"இங்கே ஒண்ணும் அடிக்கலையே."
"அது பரவாயில்லை."

இரண்டாயிரம் கியாட் நீட்டினாள், நனைந்த நோட்டுகள்.
ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவள் காரணம் கேட்கவில்லை.
நானும் கூறவில்லை.