அரை மணித்தியாலம்

ஐந்து இருபது.
நான் எழுதியதல்ல. குலவீரசிங்கம் எழுதினார்,
என் பேனையை வாங்கி, என் பில் புத்தகத்தில்.
"நேரத்தையும் போடவேணும் ஐசே,
இல்லாட்டி சங்கத்துக் கணக்கிலை
வழியிலை நிண்டு கதைச்சதெண்டு பதிவாங்கள்."
பின் ரயர். ஒரு ஒட்டு. நாற்பது ரூபா.
நூறு தந்தார். மாற்ற என்னிடம் சில்லறை இல்லை.
"திரும்பி வரேக்க எடுக்கிறன்" என்று
துணுக்காய்ப் பக்கம் திருப்பினார் எம்.டி. நைன்ரியை.
மாங்குளம் சந்தியில் மண்ணெண்ணெய்ப் புகை
கொஞ்சநேரம் நின்றது.

மேற்கே போனவரைக்
கிழக்கே கண்டெடுத்தார்கள்.
ஒட்டுசுட்டான் வீதி, பதினோராம் கட்டை,
கரிப்பட்டமுறிப்புக்கு அப்பால் காடு.

இரவுச் செய்தியில் இந்தப் பக்கம் சொன்னது:
ஊடுருவி வந்தவர்களின் கிளைமோர்,
மாலை நான்கு ஐம்பது.
மறுநாள் கொழும்புப் பேப்பர் சொன்னது:
அவர்களுக்குள் பிணக்கு, அவர்களே முடித்தார்கள்,
மாலை ஐந்து இருபது.

அப்போது, உங்களுக்கு நினைவிருக்கும்,
ஓமந்தைத் தடையைத் தாண்டினால்
மணிக்கூட்டை அரை மணி தள்ளிவைக்க வேண்டும்.
அவர்களின் ஐந்து இருபது எங்களின் நான்கு ஐம்பது.
உடன்படிக்கையின் ஒரு சரத்திலும் ஒத்துப்போகாதவர்கள்
இந்த ஒரு நிமிஷத்தில் மட்டும்
ஒரே தையற்காரன் அளவெடுத்த மாதிரிப் பொருந்தினார்கள்.

அதன் பிறகும் அரை மணி
அவர் உயிரோடிருந்தார்,
என் புத்தகத்தில் மட்டும்.

வெள்ளை வாகனத்தில் வந்த கண்காணிப்பாளர்
மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ கேட்டார்.
அவன் என்னிடம் கேட்டான்:
"உங்கட மணிக்கூடு எந்த நேரம்?"
"எங்கட நேரம்."
சொன்ன பிறகுதான் நெஞ்சு இடித்தது.
முதல் கிழமை வவுனியாவிலிருந்து வந்த மச்சான்தான்
அதற்குப் பற்றறி மாற்றினவன்.
தன் கையைப் பார்த்து முள்ளைத் திருப்பியிருந்தால்?

ஏழு இரவு இந்தக் கணக்கு.
அப்படியென்றால் என் ஐந்து இருபதும் நான்கு ஐம்பதுதான்.
அப்படியென்றால்
பதினொரு கட்டை தள்ளி வெடி விழுந்த அதே நிமிஷம்
அவர் என் மேசையில் குனிந்து
தன் பெயரை முழுதாய் எழுதிக்கொண்டிருந்தார்.
குறுக்கி எழுதும் பழக்கம் அவருக்கில்லை.

பேப்பரில் வந்த படத்தில் பின் சில்லு தெரிந்தது.
எழுநூறு சன்னம் தெறித்த இடத்தில்
காற்று இறங்காமல் நின்றது.
என் ஒட்டு நல்ல ஒட்டுத்தான். ஆனாலும்.

பில்லின் அசல் அவர் சட்டைப்பையில் போனது.
சட்டைப்பையில் இருந்தவை என்று வாசித்தார்கள்:
கண்ணாடி, சீப்பு, சங்கத் திறப்பு.

அந்த மாதக் கடைசியில் ஒரு பெடியன்
காற்றடிக்க வந்தான். ரயர் இறுக்கமாய்த்தான் இருந்தது.
"பழைய பில் புத்தகமெல்லாம் வைச்சிருக்கிறியளாமே அண்ணை?"
கறையான் தின்றுவிட்டது என்றேன்.
காற்றுக்குக் காசும் தந்துவிட்டுப் போனான்.
நீங்கள் என்னைக் கோழை என்னலாம்.
நீங்கள் அந்தக் காசை வாங்கவில்லை.

பிறகு ஒரு சித்திரையில்
கொழும்பே மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்தது.
நாடு முழுக்க ஒரே நேரம்.
மிஞ்சிய அரை மணியை எங்கே கொட்டினார்களோ தெரியாது.

பால்மாப் பேணிக்குள் புத்தகம் மாத்தளன் வரை வந்தது,
முகாமுக்கு வந்தது, திரும்பியும் வந்தது.
காபன் பிரதி. நீலம் வெளுத்துவிட்டது.
சரித்துப் பிடித்தால் பேனை அமத்திய தடம் தெரியும்.

இந்த ஆவணியில் பிரதேச செயலகத்தில் ஆணைக்குழு.
படிவத்தில் 'சம்பவ நேரம்' என்று ஒரு கட்டம்,
நான்கு இலக்கத்துக்கு இடம்.
நான் ஓரத்திலும் எழுதினேன், பின்பக்கமும் எழுதினேன்,
மச்சானையும் பற்றறியையும் விடவில்லை.
கடைசியில், தரவேண்டிய மிச்சம் அறுபது ரூபா.

அந்தப் பிள்ளை பொறுமையாய் வாசித்தாள்.
அறுபது ரூபாவை மட்டும் சிவப்பால் வெட்டினாள்,
"இது இதுக்குள்ள வராது ஐயா."