வெட்டினேன், வெட்டுப்படவில்லை

லேயர் நகரப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
வியாழக்கிழமை இரவுகளில்
பந்தைவிட அதிகமாக வலையைத் தாண்டுபவை
சொற்கள்.

"ஷுப்ஃப்!" என்று கத்துகிறார் ஹப்போ.
பந்தின் அடிவயிற்றைத் தடவி
மெல்லத் தள்ளு என்று பொருள்.
சிஸுரு மட்டையை இறக்கிவிட்டு நிற்கிறாள்.
டோயாமாவில் அவள் கற்றது தள்ளல் அல்ல,
கொத்தல்:
குருவி சன்னல் கண்ணாடியைக் கொத்துவதுபோல்.

"இப்போது டிரைவ்" என்கிறாள்.
தட்டையாய் ஓர் அறை வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது வில்லாய் வளைந்து
மேசை விளிம்பில் இறங்கி
என் விலாவுக்கு எகிறியது.
"அது லூப்" என்கிறான் ட்யார்க்.
"டாப்ஸ்பின்" என்கிறார் ஹப்போ.
"டிரைவ்" என்கிறாள் அவள் மறுபடி, குரல் தாழ்ந்து.
பந்து என் பின்னால்
சுவர் ஏணிக்கு அடியில்
பெயரில்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

நான் ஓக்கா. வரி அலுவலகம்.
தவறான கட்டத்தில் நிரப்பிய படிவங்களைத்
திருப்பி அனுப்பச் சம்பளம் வாங்குகிறவள்.
என் மட்டையின் சிவப்புப் பக்கம் வழவழப்பானது,
பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்,
ஸ்பாஞ்சுக்குள் அமுங்கி
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
அதற்குள் பேசி முடித்தாக வேண்டும்
திசையை, வேகத்தை, சுழலை.
கறுப்புப் பக்கம் நீள முள்.
முள் என்பது பேச்சுக்கு.
தொட்டால் சாயும் ரப்பர்த் தண்டுகள்,
குத்தத் தெரியாதவை.

சிஸுரு கொத்தினாள், என் கறுப்புப் பக்கத்துக்கு.
நான் மேலிருந்து கீழாக வெட்டினேன்,
பார்ப்பவர் யாரும் வெட்டு என்றே சொல்லும்படி.
அடிச்சுழல் என நம்பி அவள் தூக்கினாள்.
பந்து பறந்து போய்
கூடைப்பந்து வளையத்தில் மோதியது.

"நீ வெட்டினாய்."
"வெட்டினேன்."
"பந்து வெட்டுப்படவில்லை."
நான்கு மாத ஜெர்மனில்
இத்தனை துல்லியமாய் என்னை
யாரும் குற்றம் சாட்டியதில்லை.

"முள், சுழலைத் திருப்பிவிடும்" என்றார் ஹப்போ.
முப்பது வருடமாய் அவர் சொல்லிவருவது,
முப்பது வருடமாய் நாங்கள் தலையாட்டியது.
எம்டனில் காற்றாலை பழுதுபார்க்கும் ட்யார்க்
ஒரு பந்தை எடுத்து
பாதிக்குப் பேனா மையைப் பூசினான்.
போனில் மெதுவாக ஓட்டினோம்,
நாலு தலைகளும் ஒரு திரைமேல்.

கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று வருகிறது.
தண்டுகள் மடிகின்றன.
போகிறது,
கறுப்பு, வெள்ளை, கறுப்பு,
கொஞ்சம் களைத்து,
ஆனால் வந்த அதே பக்கமாய்ச் சுழன்றபடி,
நடுவில் நானொருத்தி நின்றது
தெரியவே தெரியாததுபோல்.

திரும்பியது பயணம்.
சுழல் அப்படியே.
அவளிடமிருந்து அடிச்சுழலாய்க் கிளம்பியதற்கு
அவளை நோக்கி வரும்போது
மேல்சுழல் என்று பெயர்.
நிஜமாகவே பிடித்துத் திருகி அனுப்புவது
நாங்கள் நாணயஸ்தன் என்று கொண்டாடிய
சிவப்பு.

"அப்படியானால் இத்தனை வருடம்..." என்று தொடங்கிய ஹப்போ
தண்ணீர் கொதிக்க வைக்கப் போனார்.

எங்கள் ஊர்த் தேநீருக்கு ஒரு சட்டம் உண்டு.
கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்க வேண்டும்,
பாலாடை ஓரமாய் இறங்கி
மேகமாய் எழ வேண்டும்,
கலக்கக் கூடாது.
சிஸுரு கலக்கினாள்.
ஹப்போவின் மீசை நின்றுபோனது.
சங்கத்தின் பீங்கான்கள் எப்போதோ உடைந்து
இப்போது கண்ணாடிக் கோப்பைகள்தான்.
ட்யார்க் அவளுடையதைத் தலைக்குமேல் தூக்கி
அடியிலிருந்து பார்த்தான்.
"இங்கிருந்து எதிர்ப்பக்கமாய்ச் சுற்றுகிறது."
ஒரு சொட்டு அவன் கண்ணில் விழுந்தது.

கடைசி ஆட்டத்தில்
ஹப்போ அவள் சொல்லைக் கேட்டு வாங்கி
வாய்க்குள் இரண்டு தடவை உருட்டிவிட்டு,
"ட்ஸுட்ஸுகி!" என்று கத்தினார்.
அவள் தள்ளினாள்.
வலையில் பட்டு, ஏறி, யோசித்து,
அவள் பக்கமே விழுந்தது.
அப்போது அவள் சொன்னதை மட்டும்
யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.
காவலாளி வந்து
பாதி விளக்குகளை அணைத்தார்.