ஒலிப்பதிவுக் குறை

படத்தின் பெயர் வேண்டாம், சொன்னாலும் தெரியாது.
வெனிஸில் எடுத்தது, நாற்பத்து நான்கின் குளிரில்,
ரோமிலிருந்து கேமராவும் கட்சியும்
மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ஓடியபின்.
இந்த ஆண்டு விழாவில் தமிழ் வரியும் ஓடவேண்டுமாம்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
நிமிடத்துக்கு இத்தனை வெள்ளி.
எனக்கு இத்தாலியன் வராது.
ஆங்கில வசனப் பட்டியல் ஒன்று தந்திருந்தார்கள்.

கதை இவ்வளவுதான்:
வெள்ளைத் தொலைபேசி அடிக்கிறது.
பட்டு அங்கிக்காரி எடுக்கிறாள். தவறான எண்.
தவறான எண்ணோடு காதல்.
மாடிப்படி, நிலைக்கண்ணாடி, மறுபடி மாடிப்படி.
யாரும் யாரிடமும் ஊர் நிலவரம் கேட்பதில்லை.
கொடி இல்லை, சல்யூட் இல்லை, தலைவர் படமும் இல்லை;
சுவரில் அது மாட்டியிருந்த இடம் மட்டும்
சதுரமாக, கொஞ்சம் வெளுத்து.

மூன்றாம் முறை ஓட்டும்போதுதான்
அந்தக் கை கண்ணில் பட்டது.
விருந்துக் காட்சி. ஓரத்தில் ஒரு துணை நடிகன்
ரொட்டித் துண்டை எடுத்து
மேல்சட்டைக்குள் போட்டுக்கொள்கிறான்.
கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்.
அடுத்த ஷாட்டில் அவன் நின்ற இடத்தில் பூச்சாடி.

அதே குளிரில் இந்தத் தீவுக்கு வேறு பெயர்.
என் பதினோராம் மாடிக்குக் கீழே
தோ பாயோ சதுப்பாகக் கிடந்தது,
மேட்டில் மரவள்ளி.
கொட்டகைக் கடிகாரங்கள் தோக்கியோ நேரம் காட்டின.
அங்கேயும் திரையைப் பார்த்து
யாரோ சிரித்திருப்பார்கள்.
சிரிக்காமல் எப்படி.

பிப்ரவரி பதினைந்து, மாலை ஆறு இருபது.
காதில் ஹெட்போன். அறுபத்து மூன்றாம் நிமிடம்.
"நாளை கடலுக்குப் போவோமா?" என்கிறாள்.
அவன் வாய் திறப்பதற்குள்
எங்கோ தூரத்தில் சங்கு.

வருஷா வருஷம் ஊதுவதுதான்.
தீவு சரணடைந்த நேரம், மறந்துவிடக் கூடாதென்று
ஒரு நிமிடம் அலற விடுகிறார்கள்.
கோப்பிக் கடையில் ஒரு தலையும் நிமிர்வதில்லை.
நானும் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்
கோப்பி ஓ பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து
ஆறே முக்காலுக்கு மறுபடி ஓட்டினேன்.

"நாளை கடலுக்குப் போவோமா?"

சங்கு.

உள்ளேயிருந்து.

கண்காட்சி மண்டபத்தை
ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்களாம். மெல்லிய கூரை.
அவன் கண் ஒரு நொடி மேலே போகிறது,
காதலில் செருகியதுபோல் இறக்கிக்கொள்கிறான்.
கெட்டிக்காரன்.
யாரும் கட் சொல்லவில்லை. ஃபிலிம் பஞ்சம்.

சாய்வெழுத்தில் சேர்த்தேன்:
தூரத்தில் அபாயச் சங்கு.
சரிபார்க்கும் மெஹருன் திருப்பி அனுப்பினார்:
ஒலிப்பதிவுக் குறை. கதைக்குத் தொடர்பில்லை. நீக்கவும்.
அவர்மேல் தவறில்லை, வழிகாட்டி ஏழாம் பக்கத்தில்
அப்படித்தான் இருக்கிறது.
நீண்ட பதில் ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்து,
வரியையும் அழித்தேன்.
அறை வாடகை மாதக் கடைசியில் வரும்.

ஆனால் இன்னொன்று.
பட்டியலில் அவன் பதில்: போவோம், கண்ணே.
படத்தில் அவன் சொல்வது ஒரே சொல்.
மூன்று வாரம் கேட்டுக் கேட்டு
அந்த ஒரு சொல் எனக்குப் பழகியிருந்தது.
பட்டியலை விட்டு, கேட்டதைப் போட்டேன்.
மெஹருன் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தார்.

பிராஸ் பாசாவில் ஒரு சனிக்கிழமை. முப்பது பேர்,
குளிருக்குச் சால்வை, பாதி முதியோர் சலுகைச் சீட்டு.
அறுபத்து மூன்றாம் நிமிடம்.
அவள் கேட்டாள். கீழே இரண்டு நொடி வெறுமை.
சங்கு ஊதியது. முன்வரிசையில் ஒருவர்
தன் கைபேசியோ என்று பையைத் துழாவினார்.

பிறகு என் வரி வந்தது.
"நாளையா?"

கொட்டகை சிரித்தது.